371 முதல் 412 வரை

"ஏன் பார்க்கவில்லை?" விசாரணை அதிகாரி சௌந்தரநாயகி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"பாத்தேன் மேடம்," என்றாள் சுடர்க்கொடி, மூன்றாவது முறையாக.

அதிகாரி தன் முன்னால் இருந்த தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நவம்பர் பதினேழாம் தேதி காலை ஆறு பத்திலிருந்து ஒன்பது இருபது வரை, செங்கோரை நகர வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் சுடர்க்கொடியின் கண்கள் எந்தத் தெருவின் மேல் எவ்வளவு நேரம் நின்றன என்பது அதில் விநாடி பிசகாமல் இருந்தது. அவள் போட்டிருந்த கண்ணாடியே எழுதி வைத்தது. சன்னதித் தெரு, நாற்பத்தொரு நிமிடம். கடைத்தெரு, முப்பத்தாறு நிமிடம். தாள் கீழே போகப் போக எண்கள் சிறுத்தன. கடைசி வரி ஆற்றோரக் காலனி. பத்தொன்பது விநாடி.

காலனியில் ஐந்து பேர் செத்தார்கள்.

"நீங்களும் அந்தக் காலனிதானே?"

"ஆமா மேடம். முன்னூத்தித் தொண்ணூறாம் நம்பர் வீடு."

பின் பெஞ்சில் கலியன் உட்கார்ந்திருந்தார். செத்த ஐவரில் ஒருத்தி செவந்தி, அவர் மனைவி. சுடர்க்கொடி அவரை மாமா என்றும் செவந்தியை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள். அடக்கத்தன்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நம்ம புள்ளயே நம்மளப் பாக்கல. அதற்குப் பிறகு ஒன்பது மாதமாக அவளிடம் பேசவில்லை. காலனியிலும் யாரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது.

"சட்டம் எளிமையானது மேடம்," என்று எழுந்தார் ஸ்ரீவத்சன். வெள்ளப் பலகையைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் மேலாளர். "யாரைக் காப்பாத்தணும்னு இயந்திரம் முடிவு பண்ணக் கூடாது. மனுஷக் கண் பாக்கணும். அதுக்குத்தான் கண்ணாடிக்குள்ள தெரியற இந்தப் பலகை. நானூத்திப் பன்னெண்டு வீடு, நானூத்திப் பன்னெண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த வீட்டோட கூரை தெரியும். கூரையில ஆள் கையாட்டினா சிவப்புப் புள்ளி விழும். கண் ஒரு கட்டத்துல மூணு விநாடி நின்னா அந்த வீட்டுக்குப் படகு கிளம்பும். ஆள் இல்லாத படகு, கண் சொல்ற இடத்துக்குப் போகும். காலனியில அன்னிக்குக் கண் நிக்கல. பலகை என்ன செய்யும்?"

அதிகாரி தலையசைத்தார். உணவு இடைவேளை விட்டார்.

சுடர்க்கொடிக்குப் பசிக்கவில்லை. அறிக்கை பாதகமாக வந்தால் சிறை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. பத்தொன்பது விநாடி என்ற எண்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தன் தெருவைத்தான் முதலில் பார்க்க நினைத்தாள். பார்த்தால், காலனிக்காரி காலனிக்கே படகு விட்டாள் என்பார்கள். அதனால் ஒழுங்காக, யாரும் விரல் நீட்ட முடியாதபடி, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். மேலிருந்து கீழாக. காலனிக்கும் வந்தாள். வந்ததும் நன்றாக நினைவிருக்கிறது. வந்து நிற்க முடியாமல் போனதும் நினைவிருக்கிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், காதோரம் நரை. நிறுவனத்தின் ஆள், திவாகர் என்று பெயர். காலையில் சாட்சிப் பட்டியலில் படித்தார்கள். கூப்பிடவில்லை.

"நீங்கதான் பலகை செஞ்சதா?"

"செஞ்சது பத்துப் பேரு. நான் தோற்றம் மட்டும்," என்றார். "நிறம், எழுத்து, கட்டம் எப்படி விரியணும், இதெல்லாம்."

"மங்குறதும் நீங்களா?"

"எது?"

"ஒண்ணப் பாத்தா மத்தது மங்குமே."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதுவரை யாரும் அதைக் கவனித்துச் சொன்னதில்லை போலும். "அது நான்தான். நானூறு கட்டம் ஒரே நேரத்துல பளபளன்னு இருந்தா கண் அலையும். நீங்க பாக்குற கட்டம் மட்டும் தெளிவா இருக்கணும், மத்தது பின்னுக்குப் போகணும். அழகாவும் இருக்கும். ஒரே ஒரு வரி."

"மத்ததுன்னா எல்லாமா?"

திவாகர் டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனவர் குடிக்கவில்லை.

"எல்லாமா சார்?"

"அதுக்குப் பின்னால வர்றது," என்றார்.

"முன்னால வர்றது?"

"அது அப்படியே இருக்கும்."

டீக்கடைக்காரர் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த காலி கிளாஸ்களில் ஐந்தை அவள் எடுத்துச் சுவர்மேல் வரிசையாக வைத்தாள். முதல் கிளாஸைத் தொட்டாள். "இதப் பாத்தா?"

"மீதி நாலும் மங்கும்."

கடைசி கிளாஸைத் தொட்டாள். "இதப் பாத்தா?"

"ஒண்ணும் மங்காது."

"அப்ப கடைசியில இருக்கறவன், மேல யாரப் பாத்தாலும் மங்கிருவான். மேல இருக்கறவன் யாரப் பாத்தாலும் மங்க மாட்டான்."

"நீங்க சொல்ற மாதிரி யோசிக்கல. நான் படிச்ச காலத்துல நிரல் அப்படித்தான் எழுத முடியும். ஒண்ணத் தொட்டா அதுக்குப் பின்னால வர்றத மாத்தலாம், முன்னால வர்றத மாத்த முடியாது. அதான் விதி. அப்புறம் மாறிடுச்சு. இருபது வருஷமா முன்னால வர்றதையும் மாத்தலாம். கை பழக்கம் போகல."

"கை பழக்கம்."

"ஒரு சொல் கூடச் சேத்தா போதும்."

"எழுதிட்டுச் சோதிச்சுப் பாக்கலயா?"

"பாத்தோமே. முதல் பத்து கட்டம் தொட்டுத் தொட்டுப் பாத்தோம். நல்லா வந்துச்சு."

சுடர்க்கொடி அந்தக் கடைசி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். நகராட்சியின் வீட்டுப் பதிவேட்டு வரிசை. சர்வேயர் எப்போது வந்தாலும் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சன்னதித் தெருவில் நடையைத் தொடங்குவார். ஆற்றங்கரையில் முடிப்பார். அவருக்கு முன்னால் வந்தவரும் அப்படித்தான் நடந்தார். எந்தக் காலத்திலும் ஒரு சர்வேயர் ஆற்றங்கரையில் ஆரம்பித்ததில்லை. அந்த நடை எண்ணாகி, எண் கட்டமாகி, 371 முதல் 412 வரை காலனி ஆனது.

இப்போது அவளுக்குப் புரிந்தது. அன்று காலனிக்கு வந்தபோது மேலே முன்னூற்றெழுபது கட்டங்களும் முழு வெளிச்சத்தில் சிவப்புப் புள்ளிகளோடு கண்ணின் ஓரத்தில் மினுங்கின. கண் அங்கே ஓடியது. ஓடிய மறுகணம் காலனி சேற்று நிறத்துக்குப் போனது. சேற்று நிறத்தில் சிவப்புப் புள்ளி ஓட்டுத் துண்டு மாதிரி இருக்கும். செவந்தி அக்கா அந்த ஓட்டுத் துண்டுக்குள் நின்று மூன்று மணி நேரம் கையாட்டினாள்.

"மாத்துங்க," என்றாள்.

"படிவம் எழுதிப் போடணும். தோற்றம் சம்பந்தப்பட்டது எல்லாம் கடைசி வரிசை. அடுத்த பதிப்புல வரும். பத்து மாசம், பன்னெண்டு மாசம்."

"மழை ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சிரும் சார்."

"அன்னிக்கே மாத்தணும்னா ஒரே வழிதான். படிவத்துல 'உயிருக்கு ஆபத்து'ன்னு குறிக்கணும், மேலாளர் கையெழுத்துப் போடணும். பலகையில உக்காந்திருக்கறவங்களும் எதிர்க்கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வச்சிக்கணும்." அவர் வருத்தமாகச் சிரித்தார். "நிறத்துக்கு எவன் உயிருக்கு ஆபத்துன்னு குறிப்பான்?"

கிளாஸ்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள். கடைசியில் இருந்ததை முதலில்.

பிற்பகல் விசாரணை தொடங்கியதும் அவள் எழுந்தாள்.

"மேடம், கண்ணாடிய நீங்க ஒரு தடவ போட்டுப் பாருங்க."

ஸ்ரீவத்சன் மறுத்தார். அதிகாரி அவரைப் பார்க்காமலே கையை நீட்டினார். திவாகர் கண்ணாடியைக் கொடுத்தார். வீடுகளுக்குப் பதிலாக இந்த அறையில் இருப்பவர்கள் பெயரைப் போடும்படி சுடர்க்கொடி கேட்டாள். எழுத்தர் தட்டச்சு செய்தார். எந்த வரிசையில் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அதிகாரி முதலில், பிறகு வட்டாட்சியர், பிறகு மேலாளர், திவாகர், எழுத்தர், சுருக்கெழுத்தர், ஏழாவதாகச் சுடர்க்கொடி. எட்டாவது பெயரில் அவர் விரல் நின்றது.

"பின்னாடி இருக்கறவர் பேரு என்னப்பா?"

"கலியன்."

கண்ணாடியிலும் சுவர்த்திரையிலும் எட்டுக் கட்டங்கள் வந்தன. அதிகாரி தன் பெயரைப் பார்த்தார். மற்ற ஏழும் மங்கின. வட்டாட்சியரைப் பார்த்தார். ஆறு மங்கின. அதிகாரியின் பெயர் மங்கவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே கண்ணை ஓட்டினார்.

"இப்ப எட்டாவத பாருங்க மேடம்," என்றாள் சுடர்க்கொடி.

பார்த்தார். எதுவும் மாறவில்லை.

"மங்கினாலும் தெரியத்தானே செய்யுது," என்றார் அதிகாரி, கண்ணாடியைக் கழற்றியபடி.

"தெரியுது மேடம். உங்க கண்ணு எங்கெங்க நின்னுச்சுன்னு கண்ணாடியில எழுதியிருக்கும். அதையும் எடுக்கச் சொல்லுங்க."

திவாகர் எடுத்தார். சத்தமாகப் படிக்கச் சொன்னது யார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. அதிகாரியின் கண் இரண்டு நிமிடத்தில் தன் பெயரில் ஐம்பத்திரண்டு விநாடி நின்றிருந்தது. வட்டாட்சியரிடம் முப்பது. கலியனிடம் இரண்டு விநாடி, அதுவும் சொன்ன பிறகு.

"இவரு பத்தடி தூரத்துல உசுரோட உக்காந்திருக்காரு மேடம். வெள்ளமும் இல்ல, மழையும் இல்ல. நாங்க தண்ணியில நின்னோம்."

அதிகாரியின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் நேர்மையானவர். நேர்மையானவர்கள் ஆவணம் கேட்பார்கள்.

"இது ஒரு காரணமா இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நிறம் மங்கினதால உயிர் போச்சுன்னு நான் எப்படி எழுதறது? அப்படிச் சொல்ற ஒரு தாள் எனக்கு வேணும். இருக்கா?"

"இருக்க முடியாது மேடம்," என்றார் ஸ்ரீவத்சன். "நிறத்துக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்? எழுத்துலயே தர்றேன்."

அங்கேயே எழுதினார். பலகையின் நிற மாற்றத்தால் எந்த உயிருக்கும் எப்போதும் ஆபத்து இல்லை. தேதி போட்டு, பெரிதாக, அழகாகக் கையெழுத்திட்டார். அறிக்கை அக்டோபரில் என்று சொல்லி அதிகாரி எழுந்தார்.

வெளியே வந்தபோது கலியன் படியிறங்கிக்கொண்டிருந்தார். சுடர்க்கொடி "மாமா" என்றாள். அவர் திரும்பவில்லை.

மழைக்கு முந்தைய ஒத்திகை செப்டம்பர் கடைசி வாரம் நடக்கும். வெள்ளத்தில் படகு போகும் இடத்துக்கு ஒத்திகையில் ட்ரோன் போய் ஒரு தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு வரும். தெருவுக்கு ஒரு வீட்டு மாடியில் ஒருவர் நின்று துண்டை ஆட்டுவார். பலகையில் உட்காரப் பயிற்சி பெற்றவர் செங்கோரையில் சுடர்க்கொடி ஒருத்திதான். ஐந்து பேரைக் கொன்றவள் என்று விசாரிப்பவர்களே ஒத்திகைக்கு வரும்படி அவளுக்குக் கடிதம் அனுப்பினார்கள்.

அவள் கண்ணாடியில் தெரிவதைக் காட்டச் சுவர் முழுக்கத் திரை கட்டியிருந்தார்கள். முதல் நாற்காலியில் நகர்மன்றத் தலைவர் தங்கமாரியப்பன். பக்கத்தில் ஸ்ரீவத்சன். மூலையில் கணினியோடு திவாகர். சன்னதித் தெருவின் சார்பில் மூன்றாம் எண் வீட்டு மாடியில் தலைவரின் மனைவியே நின்றார். பத்திரிகைக்காரர் ஒருவரும் அங்கே போயிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

சுடர்க்கொடி கண்ணாடியை மாட்டினாள். பலகையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு உண்டு. பட்டியலை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ வைக்கலாம். எல்லாப் பணியாளருக்கும் அனுமதி உண்டு, பயிற்சிப் புத்தகத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. யாரும் தொட்டதில்லை. அவள் தொட்டாள்.

412 மேலே வந்தது. சன்னதித் தெரு கடைசிக்குப் போனது.

பிறகு அவள் நவம்பரில் செய்ததையே செய்தாள். மேலிருந்து கீழாக, ஒழுங்காக, அவசரப்படாமல்.

முதல் பாட்டில் 412-இல் விழுந்தது. கலியன் வீடு. அவர் ஒத்திகைக்கு நிற்கவில்லை. மாடியில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் அவர் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. அடுத்து 411. அடுத்து 410.

பத்து நிமிடம் கழித்துத் தலைவர் கேட்டார். "நம்ம வீடு எங்கய்யா?"

"கடைசி வரிசையில இருக்கு ஐயா," என்றார் ஸ்ரீவத்சன்.

"தெரியலையே."

"மங்கலா இருக்கு ஐயா. வரும்."

இருபது நிமிடமானது. தலைவரின் தொலைபேசி ஒலித்தது. அவர் எழுந்து ஒதுங்கிப் பேசிவிட்டு வந்தார். உட்காரவில்லை.

"வெயில்ல என் சம்சாரம் நிக்குதுய்யா. கை வலிக்குதாம். பத்திரிகைக்காரன் பக்கத்துல நின்னு சிரிக்கிறானாம். ஏம்மா, அந்த வீட்டப் பாரேன்."

"பாக்குறேன் ஐயா," என்றாள் சுடர்க்கொடி. உண்மையாகவே பார்த்தாள். சன்னதித் தெருவுக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். மேலே காலனியின் கட்டங்கள் எல்லாம் பளிச்சென்று நின்றன. கண் தானாக மேலே ஓடியது. அவள் அதைத் தடுக்கவில்லை. சன்னதித் தெரு சேற்று நிறமானது. "நிக்க மாட்டேங்குது ஐயா. நவம்பர்லயும் இப்படித்தான்."

"அதென்ன, ஆளு நிக்கிறப்ப மங்குறது? மயக்கம் போட்டு விழுந்தா எவன் பொறுப்பு? இது உசுரு விசயம்யா." தலைவர் ஸ்ரீவத்சன் பக்கம் திரும்பினார். "இப்பவே எடு அத."

"அடுத்த பதிப்புல ஐயா..."

"அடுத்த பதிப்புல உன் ஒப்பந்தமும் இருக்காது."

ஸ்ரீவத்சன் திவாகரைப் பார்த்தார். திவாகர் படிவத்தைத் திரையில் திறந்து நீட்டினார். காரணம் என்ற இடத்தில் ஐந்து தேர்வுகள் இருந்தன. நான்குக்கு மாதக்கணக்கு. ஐந்தாவதுக்கு மட்டும் 'உடனடி'. ஸ்ரீவத்சன் ஐந்தாவதைக் குறித்தார். அதற்குக் கீழே ஒரு வரி விளக்கம் எழுதாமல் படிவம் நகரவில்லை. வாயில் வந்ததை எழுதினார். பார்க்கும் வரிசைக்குப் பின்னால் உள்ள வீடுகள் மங்குவதால் அங்கிருப்போர் உயிருக்கு ஆபத்து. கையெழுத்திட்டார். அதே பெரிய, அழகான கையெழுத்து.

திவாகர் ஒரே ஒரு வரியை அழித்தார். நான்கு நிமிடம் ஆனது. நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களும் ஒரே வெளிச்சத்துக்கு வந்தன. மூன்றாம் எண் வீட்டு மாடியில் பாட்டில் விழுந்தது. அறையில் சிலர் கைதட்டினார்கள்.

ஒத்திகை தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஐந்து பேர் செத்து பத்து மாதம் ஆகியிருந்தது.

அச்சு இயந்திரம் இரண்டு தாள்களைத் தள்ளியது. திவாகர் அவற்றை அவள் முன்னால் வைத்தார். ஒன்றில் அவள் எதிர்க்கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இன்னொன்றை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். திவாகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலாம் பக்கம்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். "நானே மறந்துட்டேன் அந்த அம்ப."

மாலை அவள் காலனிக்குத் திரும்பியபோது கலியன் தெருமுனையில் நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில்.

"என் கருவாட்டு மேல எதுக்குப் போட்ட இத?"

அவர் பேசாமல் ஒன்பது மாதம் என்று அவள் நினைத்திருந்தாள். பத்தாகியிருந்தது. பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நின்றுகொண்டே படித்தார். தெருவிளக்கு போடும் நேரம் வரை படித்தார் என்று தோன்றியது.

"உயிருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கானே. அங்க யாரு செத்தா?"

"யாரும் இல்ல மாமா."

"தண்ணி வந்துச்சா?"

"வெயில்தான்."

"யாருக்கு ஆபத்து?"

"தலைவர் சம்சாரத்துக்குக் கை வலிச்சிருச்சு."

கலியன் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார். பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார்.

"காலையில நானும் வாரேன்," என்றார்.

மறுநாள் விசாரணை அதிகாரியின் அறையில் எழுத்தர் மட்டும் இருந்தார். மேசையில் செங்கோரைக் கோப்பு ஒரு முழ உயரத்துக்குக் கட்டியிருந்தது. மேலாக ஸ்ரீவத்சன் ஆகஸ்டில் எழுதிக் கொடுத்த தாள், எந்த உயிருக்கும் எப்போதும் ஆபத்து இல்லை.

"மேடம் பதினோரு மணிக்கு வருவாங்க," என்றார் எழுத்தர். "தாள் தரணுமா? கட்டுக்கு அடியில வைங்க. வரிசைப்படி பாப்பாங்க."

சுடர்க்கொடி கலியனைப் பார்த்தாள். கலியன் எழுத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கயிற்றை அவிழ்க்கவில்லை. தன் தாளை மேலே வைத்தாள். பறக்காமல் இருக்க அதன்மேல் கலியன் தந்த காலி பாட்டிலை வைத்தாள். பதினோரு மணிவரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.